ரத்த ஓட்டத்தையே நிறுத்தினால் மூளை எப்படித் தாங்கும்?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 61 வயது, பெருந்தமனி வளைவில், அதாவது இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக் குழாய் வளைந்து கீழே திரும்புகிற இடத்தில், வீக்கம். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைக்க வேண்டும், அதற்காகக் கொஞ்ச நேரம் உடம்பின் ரத்த ஓட்டத்தையே நிறுத்துவோம் என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். அப்படி நிறுத்தினால் மூளை என்ன ஆகும்? ஒரு டாக்டர் "உடம்பை நன்றாகக் குளிர வைத்துவிடுவோம்" என்கிறார், இன்னொருவர் "இப்போதெல்லாம் அவ்வளவு குளிர வைப்பதில்லை, மூளைக்குத் தனியாக ரத்தம் கொடுப்போம்" என்கிறார். இதில் யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நான் பெர்ஃபியூஷனிஸ்ட், அதாவது இதய அறுவை சிகிச்சையின்போது ஹார்ட்-லங் மெஷினை ஓட்டுகிறவன். அந்த நிறுத்துகிற பொத்தானும் திரும்ப ஓட்டுகிற பொத்தானும் என் கைக்குக் கீழேதான் இருக்கின்றன, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்த விஷயத்தை இரண்டு வரியில் சொன்னால் கேட்பவருக்குப் பயம் மட்டும்தான் மிஞ்சும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் வீட்டார் எல்லோரும் "எத்தனை நிமிஷம் நிறுத்துவீர்கள்" என்றுதான் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. ஆனால் அந்த நிமிஷக் கணக்கை இந்தத் துறை ஐம்பது அறுபது வருஷமாகப் போராடி ஓரளவுக்குக் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. இன்றைக்கும் எங்களைத் தூங்கவிடாமல் செய்வது வேறொன்று, ரத்தத்தோடு சேர்ந்து மூளைக்குள் போய்விடுகிற துகள்களும் காற்றுக் குமிழ்களும். அதைப் பற்றிக் கடைசியில் விரிவாக வருகிறேன், ஏனென்றால் நீங்கள் சர்ஜனிடம் கேட்க வேண்டிய நல்ல கேள்விகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

முதலில், ஏன் நிறுத்த வேண்டியிருக்கிறது? சாதாரண பைபாஸ் அல்லது வால்வு ஆபரேஷனில் பெருந்தமனியின் மேலேறும் பகுதியில் ஒரு கிளாம்ப் போட்டு மூடுவார்கள், கிளாம்ப்புக்கு இந்தப் பக்கம் இதயம் ஓய்வில் இருக்கும், அந்தப் பக்கம் மெஷின் உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ளிக்கொண்டிருக்கும், மூளைக்கு ஒரு நொடிகூடத் தடை இல்லை. வளைவில் வேலை செய்யும்போது அது நடக்காது. வீட்டில் குழாய் ரிப்பேர் செய்ய மெயின் வால்வை மூடுகிறோம், இங்கே மாற்ற வேண்டிய இடமே அந்த மெயின் வால்வு இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளைக்குப் போகிற கிளைகள் எல்லாமே அந்த வளைவின் முதுகிலிருந்துதான் கிளம்புகின்றன. முதல் கிளை வலது கைக்கும் தலையின் வலது பக்கத்துக்கும் பொதுவான பெரிய தமனி, இரண்டாவது இடது கரோட்டிட், அதாவது கழுத்து வழியாகத் தலையின் இடது பக்கத்துக்கு ஏறுகிற தமனி, மூன்றாவது இடது கைக்குப் போகிற தமனி. பின்மூளைக்குப் போகிற முதுகெலும்புத் தமனிகள் இரண்டும் கைகளுக்குப் போகிற தமனிகளிலிருந்து பிரிகின்றன. இந்த அமைப்பைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூளை உடம்பின் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு எரிக்கிற ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. தசை போலவோ ஈரல் போலவோ சேமிப்பு எதுவும் கிடையாது, வந்ததை வந்தவுடனே செலவழிக்கிற உறுப்பு. ரத்தம் நின்றால் பத்து நொடியில் நினைவு தப்பும், சாதாரண வெப்பநிலையில் நாலைந்து நிமிஷத்தில் செல்கள் சேதமாகத் தொடங்கும். ஆற்றல் தீர்ந்ததும் செல் சுவரில் இருக்கிற பம்ப்புகள் நிற்கின்றன, உப்பும் தண்ணீரும் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது, குளுட்டமேட் என்கிற ரசாயனம் வெளியே கொட்டிப் பக்கத்துச் செல்களையும் மிதமிஞ்சித் தூண்டுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, அதற்கப்புறம் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ரத்தம் திரும்ப வந்துவிட்டாலும் இந்தச் சங்கிலி உடனே நிற்பதில்லை, சில செல்கள் அடுத்தடுத்த நாட்களில்தான் சாகும்.

குளிர் இங்கேதான் உதவுகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால் மூளையின் தேவை சுமார் 6-7 சதவீதம் குறைகிறது. 1999-இல் வந்த ஒரு புகழ்பெற்ற கணக்கு உண்டு, மூளை எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்பதை வெவ்வேறு வெப்பநிலையில் மனிதர்களிடமே அளந்து போட்ட கணக்கு: 37 டிகிரியில் 5 நிமிஷம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 30-இல் சுமார் 9, 25-இல் 14, 20-இல் 21, 15-இல் 31, 10 டிகிரியில் 45 நிமிஷம். இதைப் பார்த்தாலே ஒன்று புரியும். குளிர் நிறையத் தருகிறது, ஆனால் வரம்பில்லாமல் தருவதில்லை. ஒரு சிக்கலான வளைவு ஆபரேஷனுக்கு 21 நிமிஷம் போதவே போதாது. தேவையைக் குறைப்பதோடு குளுட்டமேட் கொட்டுவதையும் குளிர் தடுக்கிறது, அதனால் ஆக்சிஜன் கணக்கு காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காப்பாற்றுகிறது என்பது பலருடைய எண்ணம், என்னுடையதும் அதுதான். ஆனாலும் அந்தக் கூடுதலை நம்பி யாரும் கடிகாரத்தை நீட்டக் கூடாது.

குளிர வைத்தால் பிழைக்கலாம் என்பதை 1950-இல் கனடாவின் டொராண்டோவில் பிகலோ என்கிற சர்ஜன் நாய்களிடம் செய்து காட்டினார். அதற்கு ஏழு வருஷம் கழித்து அமெரிக்காவின் ஹூஸ்டனில் டிபேக்கி குழுவினர் வளைவை மாற்றினார்கள், அப்போதே மூளைக்குத் தனிக் குழாய்கள் வைத்து ரத்தம் கொடுத்துத்தான் செய்தார்கள், ஆனால் அன்றைய கருவிகளோடு அது பெரும்பாடாக இருந்தது. 1975-இல் ஸ்டான்ஃபோர்டில் கிரீப் வேறு வழியில் போனார். ஆழமாகக் குளிர வை, ரத்த ஓட்டத்தை முழுசாக நிறுத்து, ரத்தமே இல்லாத சுத்தமான இடத்தில் நிதானமாகத் தை, திரும்ப ஓட்டு. நாலு நோயாளிகள்தான் அந்த முதல் அறிக்கையில், ஆனால் துறையின் போக்கையே அது மாற்றியது. அதன் எளிமைதான் அதன் பலம்: கழுத்தில் குழாய்கள் குறுக்கிடாது, சர்ஜனின் கண்ணுக்கு எல்லாம் தெரியும். 1993-இல் ஸ்வென்சன், கிராஃபோர்ட் குழுவினர் இப்படிச் செய்த 656 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். நிறுத்தம் 40 நிமிஷத்தைத் தாண்டினால் பக்கவாதம் கூடுகிறது, 65 நிமிஷத்தைத் தாண்டினால் மரணம் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. அந்த 40 என்கிற எண் இன்றைக்கும் எங்கள் எல்லோர் தலைக்குள்ளும் மணி அடித்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் இரண்டு டாக்டர்களின் வித்தியாசமும் இங்கேதான் வருகிறது. "குளிர வைப்போம்" என்று இரண்டு பேர் சொன்னால் அவர்கள் ஒரே வெப்பநிலையைச் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. 2013-இல் நிபுணர்கள் கூடி ஒரு பொது வகைப்பாடு செய்தார்கள்: மூக்கின் பின்புறத்தில் அளக்கிற வெப்பநிலை 14-ம் அதற்குக் கீழும் மிக ஆழமான குளிர், 14-க்கு மேல் 20 வரை ஆழம், 20-க்கு மேல் 28 வரை மிதம், 28-க்கு மேல் 34 வரை லேசு. இன்றைக்கு நிறைய மையங்கள் அந்த மிதமான அளவில், 24-லிருந்து 28 வரை வைத்துக்கொண்டு, அதோடு மூளைக்குத் தனியாக ரத்தமும் கொடுக்கின்றன. குறைவாகக் குளிர வைப்பதில் லாபம் உண்டு. கீழே இறங்கிய ஒவ்வொரு டிகிரியையும் திரும்ப ஏற வேண்டும், மெஷினில் இருக்கிற நேரம் நீளும், குளிரில் ரத்தம் உறைகிற தன்மை கெடும், தையல் எல்லாம் முடிந்தபின்னும் கசிவு நிற்காமல் மணிக்கணக்கில் நின்றுகொண்டிருப்போம்.

மூளைக்குத் தனியாக ரத்தம் கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போலச் சொல்கிறேன். வலது தோளுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு, அங்கே ஓடுகிற தமனியில் 8 மில்லிமீட்டர் செயற்கைக் குழாய் ஒன்றைத் தைத்து மெஷினின் லைனை அதில் மாட்டுகிறார்கள். தொடக்கத்தில் அதே வழியாக உடம்பு முழுவதற்கும் ரத்தம் போகும், 70 கிலோ ஆள் என்றால் நிமிஷத்துக்கு 4 லிட்டருக்கு மேல். குளிர்ச்சி போதுமான அளவுக்கு வந்ததும் சர்ஜன் கேட்கிறார், நான் ஓட்டத்தைக் குறைக்கிறேன், வளைவின் முதல் கிளையின் அடிப்பகுதியில் கிளாம்ப் விழுகிறது. இப்போது என் பம்ப்பிலிருந்து போகிற ரத்தத்துக்கு வலது கரோட்டிட், வலது முதுகெலும்புத் தமனி, வலது கை இவைதான் வழி. ஓட்டத்தை எடைக்குக் கிலோவுக்கு 10 மில்லி என்று வைக்கிறேன், அதாவது 4 லிட்டர் ஓடிக்கொண்டிருந்த பம்ப் 700 மில்லிக்கு வந்துவிடுகிறது. வலது மணிக்கட்டில் அளக்கிற அழுத்தம் 50-லிருந்து 70-க்குள் நிற்க வேண்டும். குறைந்தால் பட்டினி, கூடினால் மூளை வீங்கும். வளைவைத் திறக்கிறார்கள். கத்தரி போகிற சத்தம் கேட்கிற அளவுக்கு அறை அமைதியாகிவிடும். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

சரி, வலது பக்கம் ஊட்டினால் இடது மூளைக்கு யார் ஊட்டுவது? மூளையின் அடியில் வில்லிஸ் வளையம் என்று ஒரு தமனி வளையம் இருக்கிறது, நாலு பக்கத்திலிருந்து வருகிற தமனிகளையும் அது ஒன்றோடொன்று கோக்கிறது. அது முழுமையாக இருந்தால் வலதிலிருந்து இடதுக்கு ரத்தம் தாராளமாகக் கடந்துபோகும். ஆனால் பாடப்புத்தகப் படத்தில் இருப்பது போல எந்தக் குறையும் இல்லாத முழு வளையம் எல்லோருக்கும் இருப்பதில்லை, ஏதாவது ஒரு இணைப்பு நூல் மாதிரி மெலிந்தோ இல்லாமலோ இருப்பது சர்வ சாதாரணம். அதனால்தான் முன்கூட்டியே கழுத்து, தலைத் தமனிகளை சிடி ஸ்கேனில் பார்த்துவிடுவது நல்லது. அறைக்குள்ளேயே இன்னொரு சோதனை உண்டு, எந்தக் கருவியும் தேவையில்லாதது. வளைவைத் திறந்ததும் இடது கரோட்டிட்டின் வாய் கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து சிவப்பு ரத்தம் நன்றாகத் திரும்பி வழிந்தால் மூளையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சொட்டுச் சொட்டாக, கறுத்துப்போய் வந்தால் சர்ஜனின் புருவம் சுருங்கும்.

கூடவே நெற்றியின் இரண்டு பக்கமும் ஒட்டுப் பட்டைகள் ஒட்டியிருக்கும், அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பித் திசுவில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று இரண்டு எண்களாகக் காட்டும். ஒரு ஆபரேஷனில் இரண்டும் 65-ஐ ஒட்டி இருந்தன, ஓட்டத்தை மூளைக்கு மட்டும் என்று மாற்றிய மூன்றாவது நிமிஷத்தில் இடது மட்டும் 58, 52, 46 என்று படியிறங்கியது, வலது அசையவே இல்லை. நான் எண்ணைச் சொன்னேன். அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தேன், பலனில்லை. சர்ஜன் தையலை நிறுத்திவிட்டு நுனியில் பலூன் வைத்த மெல்லிய குழாய் ஒன்றை இடது கரோட்டிட்டின் வாயில் செருகினார், இன்னொரு பம்ப்பைத் திறந்தேன். ஒரு நிமிஷத்தில் இடது எண் 60-ஐத் தாண்டியது. அந்த நோயாளி விழித்தபோது வலது கை கால் இரண்டும் நன்றாக அசைந்தன. அந்தப் பட்டை இல்லாமல் இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கும் குருட்டுப் பக்கம் உண்டு. அது முன்மூளையின் ஒரு சிறு பகுதியைத்தான் பார்க்கிறது, பின்மூளையிலோ சிறுமூளையிலோ என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. எண் நன்றாக இருக்கிறது என்பதாலேயே மூளை முழுக்க நன்றாக இருக்கிறது என்று யாரும் உங்களிடம் சத்தியம் செய்ய முடியாது.

ஒரு பக்கம் போதுமா, இரண்டு பக்கமும் எப்போதும் கொடுக்க வேண்டுமா என்பதில் துறைக்குள் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. வேலை நீளமாகப் போகும் என்று தெரிந்தால், 40-50 நிமிஷத்தைத் தாண்டும் என்றால், இரண்டு பக்கமும் கொடுப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். தலைகீழாக, தலையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிற சிரையின் வழியாகப் பின்னோக்கி ரத்தத்தை மூளைக்குத் தள்ளுகிற முறையும் ஒன்று உண்டு, ஜப்பானில் உவேடா 1990-இல் எழுதி அறிமுகப்படுத்தியது. மூளையைக் குளிராக வைத்திருக்கவும் தமனிகளில் சிக்கிய துகள்களைப் பின்னோக்கி வெளியே கழுவவும் அது உதவுகிறது, ஆனால் மூளைச் செல்களுக்கு உண்மையில் ஊட்டம் கொடுக்கிற அளவு ரத்தம் அந்த வழியாகப் போய்ச் சேர்வதில்லை. ஆழமான குளிரோடு சேர்த்துக் குறுகிய வேலைகளுக்கு அதை நன்றாகப் பயன்படுத்துகிற அனுபவசாலிகள் இருக்கிறார்கள், அவர்கள் கையில் அது நல்ல முறைதான்.

இன்னொன்று. மூளைக்கு மட்டும் ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது முதுகுத்தண்டு, சிறுநீரகம், குடல் எல்லாம் பட்டினி. 28 டிகிரியில் மூளை நிம்மதியாக இருக்கலாம், தண்டுவடம் அவ்வளவு நேரம் பொறுக்காது. ஆகவே மிதமான குளிர் என்று முடிவு செய்கிறவர்கள் கீழ் உடம்பின் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது துகள்களுக்கு வருகிறேன். அறுபது வயதைத் தாண்டியவர்களின் பெருந்தமனி உள்சுவர் வழவழப்பாக இருக்காது. பழைய சுண்ணாம்புச் சுவர் போல, தொட்டால் உதிர்கிற கொழுப்பும் கால்சியமும் படிந்து கிடக்கும், கிளைகள் தொடங்குகிற வாய்களைச் சுற்றித்தான் அது அதிகமாக இருக்கும். மேலே நான் சொன்ன ஒவ்வொரு நல்ல காரியமும், கிளாம்ப் போடுவது, குழாய் செருகுவது, பலூனை ஊதுவது, எல்லாமே அந்தச் சுவரைத் தொடுகிற காரியங்கள். மூளையைக் காப்பாற்ற வைத்த குழாயே ஒரு துணுக்கைத் தட்டி மூளைக்குள் அனுப்பிவிடலாம். எவ்வளவு ரத்தம் கொடுப்பது என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது, எங்கே தொடாமல் இருப்பது என்பதற்குக் கைப்பழக்கம்தான் இருக்கிறது. விழித்து எழுந்து நன்றாகப் பேசுகிற நோயாளிகளுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால்கூட ஒரு நல்ல பங்கினருக்குப் புதிய சிறு புள்ளிகள் தெரிகின்றன. பெரும்பாலும் அவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை, ஆனால் அந்தப் புள்ளிகள் எங்களுக்குச் சொல்கிற செய்தி முக்கியமானது: ஓட்டம் நின்றதால் வருகிற சேதத்தின் சாயல் வேறு, இவை அங்கங்கே தெறித்துக் கிடக்கின்றன, எதுவோ பறந்துவந்து அடைத்திருக்கிறது.

அதனால்தான் மெஷினின் லைனை எங்கே மாட்டுகிறார்கள் என்பது பெரிய விஷயம். தொடையில் மாட்டினால் ரத்தம் கீழிருந்து மேலாக, வயிற்றையும் நெஞ்சையும் கடந்து, வழியில் படிந்திருக்கிற அத்தனையையும் உரசிக்கொண்டு தலைக்கு வருகிறது. தோளில் மாட்டினால் சுத்தமான தமனி வழியாக நேரே தலைக்கு. 1995-இல் சாபிக் குழுவினர் தோள் வழியை எழுதியபின் அது பரவியதற்குக் காரணம் இதுதான். நெஞ்சைத் திறந்தபின் பெருந்தமனியின் மேலேயே ஒரு சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து எங்கே படிவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், விரலால் தடவிப் பார்ப்பதைவிட அது பல மடங்கு மேல். கிளைகளை வாயோடு சேர்த்து வெட்டாமல் கொஞ்சம் தள்ளி, படிவு இல்லாத இடத்தில் வெட்டி, கிளைகள் உள்ள செயற்கைக் குழாயில் ஒவ்வொன்றாகத் தைப்பதும் இதற்காகத்தான், ஜப்பானில் கசுய் இந்த வழியைச் செம்மைப்படுத்தினார். நேரம் கூடும்தான், ஆனால் மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருப்பதால் அந்த நேரம் கைவசம் இருக்கிறது. முன்பு சம்பாதித்த நிமிஷங்களை இப்படிச் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன், அவசரமாக முடிப்பதற்காக அழுக்கான இடத்தில் தைப்பதைவிட.

பெரியவர்களுக்குக் குளிர்ந்த ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடை நாங்கள் பொதுவாகக் கூடுதலாகச் சேர்ப்பதில்லை, அதற்கும் இதே காரணம் உண்டு. சேர்த்தால் மூளையின் குழாய்கள் விரிந்து அதிக ரத்தம் பாயும், அதோடு துகள்களும் அதிகம் பாயும். படிவு இல்லாத குழந்தைகளுக்குக் கணக்கு வேறு, அங்கே சேர்ப்பதில் பயன் உண்டு. அப்புறம் காற்று. திறந்த தமனிக்குள் காற்று புகாமல் இருக்க நெஞ்சுக்குழிக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஓட விடுகிறார்கள், அது காற்றைவிடக் கனமானது, அங்கேயே தங்கும், குமிழியாக உள்ளே போனாலும் ரத்தத்தில் சீக்கிரம் கரைந்துவிடும். திரும்ப ஓட்டத் தொடங்கும் முன் நோயாளியின் தலையைத் தாழ்த்தி, புதுக் குழாயின் மேல்பக்கத்தில் ஊசியால் ஒரு துளை போட்டு, நான் மெதுவாகத் தள்ளுகிற ரத்தம் குழாயை நிரப்பி அந்தத் துளை வழியாக நுரையோடு பீய்ச்சும். நுரை நின்று வெறும் ரத்தம் வருகிற வரை யாரும் அவசரப்படுவதில்லை.

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நானும் ஆரம்ப காலத்தில் நினைத்தேன். இல்லை, திரும்பச் சூடாக்குவது பாக்கி இருக்கிறது. பட்டினி கிடந்த மூளைக்கு ரத்தம் திரும்பியதும் முதல் சில நிமிஷங்கள் குளிர்ந்த ரத்தமே போக வேண்டும், அப்புறம் மெதுவாக ஏற்ற வேண்டும். மெஷினிலிருந்து போகிற ரத்தத்துக்கும் உடம்புக்கும் உள்ள வித்தியாசம் 10 டிகிரியைத் தாண்டக் கூடாது, போகிற ரத்தம் ஒருபோதும் 37-ஐத் தாண்டக் கூடாது. மூக்கில் காட்டுகிற எண்ணைவிட மூளை கொஞ்சம் சூடாக இருக்கக்கூடும் என்பதால் இந்த விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும், அடிபட்ட மூளைக்கு ஒரு டிகிரி கூடுதல் சூடும் கெடுதல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஆபரேஷன் வெகு நேரம் இழுத்துவிட்டது, எல்லோரும் களைத்திருந்தார்கள், சீக்கிரம் சூடாக்கு என்ற குரல் வந்ததும் நானும் வேகமாக ஏற்றினேன். அந்த நோயாளி நாலு நாள் வீட்டாரை அடையாளம் தெரியாமல் குழம்பிக் கிடந்துவிட்டுத்தான் தெளிந்தார். என் வேகம்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது, அன்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் அதற்கப்புறம் யார் அவசரப்படுத்தினாலும் நான் கேட்பதில்லை.

மருந்துகளைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால்: ஸ்டீராய்டு, தையோபென்டல், மானிட்டால் எல்லாம் பல இடங்களில் கொடுக்கிறார்கள், தலையைச் சுற்றி ஐஸ் பைகளும் வைக்கிறார்கள். ஐஸ் சரி, நிறுத்தம் நடக்கும்போது தலை மெல்லச் சூடேறாமல் தடுக்கும். மருந்துகளுக்கு உறுதியான சான்று குறைவு, அவற்றை நம்பி யாரும் ஒரு நிமிஷம்கூடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் அப்பாவுக்கு இது திட்டமிட்ட ஆபரேஷன், அது பெரிய சாதகம். பெருந்தமனிச் சுவர் கிழிந்து நள்ளிரவில் வருகிறவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே மூளைக்கு ரத்தம் குறைந்திருக்கும், அங்கே எல்லாம் அவசரம். உங்களுக்குக் கேட்க நேரம் இருக்கிறது, அதனால் கேளுங்கள். கழுத்து, தலைத் தமனிகளின் ஸ்கேன் எடுத்தாயிற்றா, வில்லிஸ் வளையம் எப்படி இருக்கிறது, மெஷின் லைனை எங்கே மாட்டப்போகிறீர்கள், எத்தனை டிகிரி, மூளைக்கு ஒரு பக்கமா இரண்டு பக்கமா, வளைவின் உள்சுவரில் படிவு எவ்வளவு, இந்தக் குழு இதே ஆபரேஷனை எத்தனை தடவை செய்திருக்கிறது. இதைக் கேட்டால் நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார், தாள் எடுத்து வரைந்து காட்டுவார். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் நூற்றுக்கு ஒரு சிலருக்குப் பக்கவாதம் வரத்தான் செய்கிறது, அதையும் அவர் வாயால் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐசியூவில் அவர் கண் திறந்ததும் நர்ஸ் முதலில் கையை அழுத்தச் சொல்வார், வலது, அப்புறம் இடது, அப்புறம் கால் விரல்களை ஆட்டச் சொல்வார். அந்த நாலு அசைவுகளுக்காகத்தான் நாங்கள் எல்லோரும் அதுவரை வீட்டுக்குப் போகாமல் நிற்போம். கை கால் நன்றாக அசைந்தாலும் சில நாட்கள் குழப்பமாகப் பேசலாம், இரவு பகல் மாறிப்போகலாம், இல்லாததைப் பார்த்ததாகச் சொல்லலாம். பெரும்பாலும் அது தெளிந்துவிடும், அதைப் பக்கவாதம் என்று நினைத்து உடைந்துபோகாதீர்கள், ஆனால் ஒரு பக்கம் மட்டும் பலம் குறைந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே சொல்லுங்கள். அவர் கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியையும், காது மெஷின் இருந்தால் அதையும் முதல் நாளே நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். தெரிந்த முகத்தைத் தெளிவாகப் பார்க்க முடிந்தால், தெரிந்த குரல் தெளிவாகக் கேட்டால், அந்தக் குழப்பம் சீக்கிரம் விலகுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து இன்றைக்கு என்ன கிழமை, மணி என்ன என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருங்கள்.